சிவப்பு மையும் நாமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, பசங்க வேலைக்குப் போற நேரம். உபயோகமா ஏதாவது பேசுப்பா. வாழ்க்கையில முன்னேறுவது எப்படின்னு மட்டும் பேசிடாதே, அதைப் போன வருஷமே மூணு பேர் பேசிட்டாங்க" என்றார். எனவே முன்னேற்றத்தை விட்டுவிட்டு ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். நாம் செய்த வேலையில் ஒருவர் குறை சொன்னால் அதை எப்படி வாங்கிக்கொள்வது? கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் எங்கள் தொழிலில் இதைச் சரியாகச் செய்யாததால் பாலம் விழுந்திருக்கிறது, மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். எங்களிடத்தில் எந்த டிராயிங்கும் ஒருவர் கையோடு வெளியே போவதில்லை. வலது பக்கம் கீழ் மூலையில் டைட்டில் பிளாக் என்று ஒரு கட்டம் இருக்கும். வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று தனித்தனி இடம் விட்டிருப்பார்கள். சரிபார்ப்பவர் ஒரு பிரதியை எடுத்து விரித்து, பக்கத்தில் மஞ்சள் பென்சிலும் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருவார். கம்பியின் விட்டம், இடைவெளி, நீளம், மட்டம் என்று ஒவ்வொரு எண்ணையும் கணக்குத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் அதன் மேல் மஞ்சள் பூசுவார். சரியில்லையென்றால் சிவப்பு. இப்போது பல அலுவலகங்களில் காகிதம் போய், கணினித் திரையில் பி.டி.எஃப். மேலேயே குறிக்கிறார்கள். நிறங்கள் மட்டும் மாறவில்லை.

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளையிடம் இந்தச் சிவந்த தாள் முதல் முறை திரும்பி வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்து போட்ட டிராயிங். அம்மன் கோயில் குங்குமம் கொட்டின மாதிரி வந்து நிற்கிறது. மஞ்சள் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அறுபது இடத்தில் மஞ்சளும் எட்டு இடத்தில் சிவப்பும் இருந்தாலும் அந்த எட்டுதான் தெரியும். உடனே வாய் திறக்கும். "சார், அது வந்து... ஆர்க்கிடெக்ட் கடைசி நேரத்துல மாத்திட்டாங்க." "சார், பழைய ப்ராஜெக்ட்ல இப்படித்தான் போட்டிருந்தாங்க." "சார், டைம் இல்ல சார்." இந்த மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்ட கேள்வி என்ன? இந்த பீமில் நாலு கம்பி போதுமா, போதாதா? அதற்கு இந்த மூன்றில் ஒன்றுகூடப் பதில் இல்லை பாருங்கள்.

ஏன் இப்படி என்று நான் யோசித்ததுண்டு. மனோதத்துவ நிபுணர்கள் வேறு சொல்லலாம்; எனக்குத் தோன்றுவது இது. நம் ஊரில் சிவப்பு மை என்றால் என்ன? ஒன்றாம் வகுப்பிலிருந்து அது தண்டனையின் நிறம். ரேங்க் அட்டையில் சிவப்புக் கோடு விழுந்தால் அப்பாவிடம் கையெழுத்து வாங்கப் போகும்போது அடிவயிறு கலங்கும். மார்க்கும் பிள்ளையும் வேறு வேறு என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. "அவன் எழுபது மார்க் வாங்கினான்" என்று சொல்வதில்லை, "அவன் எழுபது மார்க் பையன்" என்போம். அப்படி வளர்ந்தவன் அலுவலகத்தில் சிவப்பைப் பார்த்தால், டிராயிங்கில் எட்டு இடம் திருத்த வேண்டும் என்று படிப்பதில்லை. "நீ எட்டு இடத்தில் ஃபெயில்" என்றுதான் படிக்கிறான்.

தமிழ் வழியில் படித்து, கிராமத்திலிருந்து வந்து, முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குத்தும். இந்தக் கூடத்தில் பாதிப் பேர் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக "நமக்கு இந்த இடத்தில் இருக்கத் தகுதி இருக்கிறதா" என்று உள்ளுக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டே இருக்கும். சரிபார்த்தவர் சாதாரணமாக "இந்த லேப் நீளத்தைப் பாருங்க" என்று சொன்னாலும் அந்தப் பயத்துக்குச் சாட்சி கிடைத்த மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் சிலர் கோபப்படுகிறார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் சுருங்கிப் போகிறார்கள். சுருங்கிப் போவதும் எதிர்த்துப் பேசுவதற்கு அண்ணன் தம்பி முறைதான். இரண்டிலும் சொன்ன விஷயம் காதுக்குள் போவதில்லை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிவந்த தாள் உங்கள் கைக்கு வந்தால், வேறொரு மனிதர் தன் நேரத்தில் இரண்டு மணியோ மூன்று மணியோ செலவழித்து உங்கள் வேலையை வரி வரியாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். கல்லூரியில் உங்கள் ரெக்கார்டு நோட்டை யாராவது அப்படிப் படித்தார்களா? (பேராசிரியர்கள் மன்னிக்கவும்.)

குறை சொன்னால் கோபம் வருவது மனித இயல்பு மட்டும் அல்ல. நம் திருவிளையாடல் கதையைப் பாருங்கள். தருமி கொண்டுவந்த பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறது என்றார் நக்கீரர். பாட்டை எழுதியது சாட்சாத் சிவபெருமான். நேரில் வந்தார், வாதாடினார், கடைசியில் நெற்றிக்கண்ணையே திறந்துவிட்டார்! 1965-ல் வந்த படத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். நாம் எல்லாரும் நக்கீரருக்குக் கைதட்டுகிறோம். ஆனால் அலுவலகத்தில் நமக்கு ஒரு நக்கீரர் வந்தால், நமக்கும் நெற்றியில் ஒரு கண் இருப்பது அப்போதுதான் தெரிய வருகிறது.

இனி அந்தப் பாலத்துக்கு வருகிறேன். சிவில் மாணவர்கள் சிலர் பாடத்தில் படித்திருக்கலாம். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே, கியூபெக் நகரத்துக்கு அருகில் ரயில் போவதற்காகக் கட்டிய பாலம். அதற்கு ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர். நியூயார்க்கில் இருந்தவர், அமெரிக்காவில் அந்தக் காலத்தின் பெரிய பாலப் பொறியாளர்களில் ஒருவர். நடுவில் 1600 அடி இடைவெளி என்று இருந்ததை 1800 அடியாக்கச் சொன்னவர் அவர்தான். ஸ்காட்லாந்தில் 1890-ல் திறந்த ஃபோர்த் பாலத்தின் இடைவெளி 1710 அடி. ஆகவே இது கட்டி முடிந்தால் உலகத்திலேயே நீளமானதாக இருக்கும். கூப்பருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது, உடம்பும் சரியில்லை. 1903-க்குப் பிறகு அவர் வேலை நடக்கும் இடத்துக்கே போகவில்லை.

அந்த 1903-ல்தான் முக்கியமான சம்பவம் நடந்தது. உருக்குக்கு அவர் அனுமதித்திருந்த அழுத்தம் வழக்கத்தைவிட அதிகம் என்று கனடா அரசின் ரயில்வே இலாகாப் பொறியாளர் ஒருவர் கேள்வி எழுப்பினார். வேறொரு பாலப் பொறியாளரை வைத்து ஒருமுறை சரிபார்க்கலாம் என்று இலாகா யோசனை சொன்னது. எங்கள் மொழியில் சொன்னால், டைட்டில் பிளாக்கில் "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். கூப்பர் ஏற்கவில்லை. தன்னை இன்னொருவருக்குக் கீழே வைப்பது போலாகும் என்ற தோரணையில் மறுத்தார். நேரில் ஒட்டாவாவுக்கே போய்ப் பேசினார். அரசாங்கம் பின்வாங்கியது. கடைசி வார்த்தை கூப்பருடையது என்று ஆயிற்று.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நன்றாகக் கவனியுங்கள். இடைவெளியை 1800 அடியாக நீட்டிய பிறகு பாலத்தின் சொந்த எடையைத் திரும்பக் கணக்குப் போடவில்லை. 1906-ல் உருக்கை நிறுத்துப் பார்த்தபோது, மதிப்பிட்டதைவிட எடை கூடுதலாக இருப்பது தெரிந்தது. அதனால் அழுத்தம் ஏழு முதல் பத்து சதவீதம்தான் ஏறும், பரவாயில்லை என்று கூப்பர் ஏற்றுக்கொண்டார். வேலை தொடர்ந்தது. 1907 கோடையில் அடிப்பக்கத்து உருக்கு உறுப்புகள் வளைய ஆரம்பித்தன. ஒன்றில் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு சில நாட்களில் இரண்டே கால் அங்குலம் ஆயிற்று. பட்டறையிலிருந்து வரும்போதே அது வளைந்துதான் வந்தது என்றார்கள் கம்பெனிக்காரர்கள். அப்படியில்லை என்று சொன்னவர் நார்மன் மெக்லூர் என்ற இளம் பொறியாளர், கூப்பரின் ஆள். கல்லூரியை விட்டு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் ரயிலேறி நியூயார்க்குக்கே போனார். ஆகஸ்டு 29 காலை கூப்பரைப் பார்த்துச் சொன்னார். கூப்பர் கேட்டுக்கொண்டார், மேலும் எடை ஏற்ற வேண்டாம் என்று தந்தியும் கொடுத்தார். ஆனால் அந்தத் தந்தி பாலம் நிற்கும் இடத்துக்குப் போகவில்லை, பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனது. அங்கே கூடிப் பேசியவர்கள், காலையில் முடிவெடுக்கலாம் என்று பிரிந்து போனார்கள். அன்று மாலை ஐந்தரை மணி சுமாருக்கு, வேலை முடிகிற நேரத்தில், பாலத்தின் தென்பாதி அப்படியே ஆற்றில் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் மொஹாக் பழங்குடித் தொழிலாளர்கள்.

தவறு செய்யாத பொறியாளர் கிடையாது. கணக்கில் பிசகியதற்காக கூப்பரை நான் குறை சொல்ல வரவில்லை. 1903-ல் ஒரு கேள்வி வந்தபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அன்று அவர் ஒரு கேள்வியை ஜெயித்தார். ஜெயித்ததால் அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் கேட்கவில்லை. கம்பெனி, "பெரியவரே சரியென்கிறார், நாம் யார்" என்று இருந்துவிட்டது. கடைசியில் கேட்க வந்தவர் ஒரு சின்னப் பையன், அதுவும் ரயிலேறி வந்து. அதற்குள் நேரம் போய்விட்டது. (கனடாவில் பட்டம் வாங்கும் பொறியாளர்கள் சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் போடுவார்கள். அது இந்தப் பாலத்தின் இரும்பில் செய்தது என்று சொல்வார்கள். அது கட்டுக்கதை. பாலத்தைப் பிறகு புதிதாகக் கட்டி 1917-ல் முடித்தார்கள். அதுவும் சும்மா முடியவில்லை. 1916-ல் நடுப்பகுதியைத் தூக்கும்போது அது விழுந்து இன்னும் சிலர் இறந்தார்கள்.)

வெளிநாட்டுக் கதை, நூறு வருஷப் பழசு என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் ஒரு கட்டட வேலையில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். பீமும் தூணும் சேரும் இடத்தில் கம்பிகள் மிக நெருக்கமாக இருந்தன. ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது? பக்கவாட்டில் இரண்டு கம்பிக்கு நடுவே கம்பியின் விட்டம் அளவாவது இருக்க வேண்டும், பெரிய ஜல்லியின் அளவைவிட 5 மி.மீ. கூடுதலாகவும் இருக்க வேண்டும். 20 மி.மீ. ஜல்லி போட்டால் 25 மி.மீ. சந்து வேண்டும். கம்பி கட்டும் மேஸ்திரிக்கு ஐ.எஸ். 456 தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக அந்தச் சந்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பவர். "சார், இந்த ஜாயிண்ட்ல கான்கிரீட் உள்ள இறங்காது சார்" என்றார். சைட் இன்ஜினியர் நல்ல பையன்தான். ஆனால் சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். "எனக்கே சொல்லித் தர்றீங்களா மேஸ்திரி? டிராயிங்ல என்ன இருக்கோ அதைக் கட்டுங்க" என்றார். கட்டினார்கள். சென்ட்ரிங் பிரித்தபோது ஜாயிண்ட் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. கொத்தி எடுத்து, கிரவுட் அடித்து, ஒரு வாரம் போயிற்று.

அது போகட்டும், ஒரு வார நஷ்டம். இரண்டு மாடி ஏறிய பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மேலே ஒரு இடத்தில் தூணின் மையக் கோடு கொஞ்சம் விலகியிருந்தது. கான்கிரீட் போட்ட பிறகுதான் தெரிந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, "முன்னாடியே பாக்கலையா?" என்று கேட்டார்கள். "பார்த்தேன் சார்" என்றார். "ஏன் சொல்லலை?" "கேட்டா சொல்லியிருப்பேன் சார்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். குறை சொன்னவரிடம் சீறினால் அந்த ஒரு குறையோடு விஷயம் முடிவதில்லை. அடுத்த குறை உங்கள் காதுக்கு வராது. உங்களுக்கும் அது தெரியப் போவதில்லை. "என் டிராயிங்கில் யாரும் இப்போதெல்லாம் தப்பு சொல்வதில்லை" என்று சந்தோஷமாகக்கூட இருப்பீர்கள்.

வேறு விதமாக நடந்துகொண்டவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் சிட்டிகார்ப் என்ற 59 மாடிக் கட்டடம், 1977-ல் முடிந்தது. ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால் தூண்களை நான்கு மூலையில் வைக்க முடியாமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒன்பது மாடி உயரத் தூண் வைத்து மேலே கட்டடத்தை நிறுத்தினார்கள். வடிவமைத்தவர் வில்லியம் லெமெஷ்யூரியர். 1978-ல் ஒரு மாணவர் தரப்பிலிருந்து இந்தத் தூண்களைப் பற்றிக் கேள்வி வந்தது. லெமெஷ்யூரியர் பொறுமையாக விளக்கி, கட்டடம் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் சொன்னார். பாருங்கள், அவரும் முதலில் தன் பக்கத்தைத்தான் சொன்னார்! ஆனால் போனை வைத்ததோடு விடவில்லை. காற்று நேராக அடிக்காமல் மூலையிலிருந்து சாய்வாக அடித்தால் என்ன ஆகும் என்று திரும்பக் கணக்குப் போட்டார். சில உறுப்புகளில் விசை 40 சதவீதம் ஏறியது. இணைப்புகளை வெல்டிங் செய்வதற்குப் பதில் போல்ட் போட்டிருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. உரிமையாளரிடம் அவரே போய்ச் சொன்னார். இரவோடு இரவாக இரண்டு அங்குலத் தகடுகளை இணைப்புகளின் மேல் வைத்து வெல்டிங் செய்தார்கள்.

அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கும் ஊருக்கும் 1995 வரை இதை மறைத்தார்கள். அதை நான் பாராட்ட மாட்டேன். பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தச் சாய்வுக் காற்றுப் பயம் மிகை என்றும் சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும். கேள்வி கேட்டவருக்கு வயது என்ன, பட்டம் உண்டா என்று பார்க்காமல் கணக்குத் தாளை எடுத்தார் அல்லவா, அந்த இடத்துக்காகத்தான் அவரைச் சொன்னேன். முதல் வார்த்தை நம் கையில் இல்லை. யாருக்குமே சுருக்கென்றுதான் இருக்கும். அன்று சாயங்காலம் என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? நான் பார்த்த நல்ல பொறியாளர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் குறை சொல்ல ஆரம்பித்ததும் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள், அவர் சொன்ன வார்த்தையிலேயே. கைக்கு வேலை கொடுத்தால் வாய் கொஞ்சம் அடங்கும், அது ஒரு லாபம். எழுதியதைத் திரும்பப் படித்து, "நீங்க சொன்னது இதுதானே சார்?" என்று கேட்பார்கள். பாதி நேரம், "இல்லப்பா, நான் சொன்னது அது இல்லை" என்று வரும். நாம் கோபப்பட்டிருந்தால் அவர் சொல்லாத ஒன்றுக்காகக் கோபப்பட்டிருப்போம். பிறகு இடம் கேட்பார்கள். எந்த ஷீட், எந்த கிரிட், எந்த பீம்? "உங்க வேலையில கவனம் பத்தலை" என்று மேனேஜர் மொட்டையாகச் சொன்னால் அதை வைத்துக்கொண்டு தூக்கம் கெடுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. "போன மாசம் எந்த வேலையில சார் அப்படித் தெரிஞ்சது? திருத்திக்கணும், அதுக்காகக் கேக்குறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். இடத்தைக் காட்டினால் உங்களுக்கு லாபம். காட்ட முடியாவிட்டால் அவருக்கே அது புரியும்.

சொன்னதையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அலுவலகங்களில் குறிப்புகளுக்குப் பதில் எழுத ஒரு தாள் உண்டு. "திருத்தப்பட்டது" என்றும் எழுதலாம், "ஏற்கவில்லை" என்றும் எழுதலாம். ஏற்கவில்லை என்றால் பக்கத்தில் காரணம் வேண்டும், கணக்குப் பக்க எண்ணோடு. சரிபார்ப்பவரும் மனிதர்தான், சிவப்பு மையிலும் தப்பு வரும். காரணத்தோடு மறுப்பவரை யாரும் முரடன் என்று சொல்வதில்லை. காரணம் இல்லாமல் ஒத்துக்கொள்வதும் ஆபத்துதான். சரியாக இருந்த நாலு கம்பியை மூன்றாக மாற்றி அனுப்பியவர்களும் உண்டு.

நாலு பேர் முன்னால் கத்துவது, ஊரையும் சாதியையும் இழுப்பது, இங்கிலீஷ் உச்சரிப்பைக் கிண்டல் செய்வது, இதற்கெல்லாம் விமர்சனம் என்று பெயர் இல்லை. அதை யாரும் பக்குவமாக வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. முடிந்தால் அதற்குள் வேலையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை எழுத்தில் குறித்து வையுங்கள், மேலே சொல்லுங்கள். வேறு வேலை கிடைத்தால் போங்கள்.

இங்கே இருக்கும் அண்ணன்மார்களில் பலர் இப்போது "சரிபார்த்தவர்", "ஒப்புதல் அளித்தவர்" கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். உங்களிடம் உரிமையோடு ஒரு கேள்வி. கடைசியாக உங்கள் ஜூனியர் ஒருவர் உங்கள் கணக்கில் தப்பு என்று சொன்னது எப்போது? ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால், உங்கள் கணக்கு அவ்வளவு சுத்தம் என்று ஒரு அர்த்தம் இருக்கிறது. மேஸ்திரி சொன்ன அர்த்தம் ஒன்றும் இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு செய்தியோடு முடித்துக்கொள்கிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு வெளியிலிருந்து வரச் சொல்லித் துறைத் தலைவர் ஐயா என்னைக் கேட்டிருக்கிறார். நம் பேட்ச் நண்பர்கள் இன்னும் இரண்டு பேரும் வருகிறார்கள். டிராயிங்கையும் கணக்குத் தாளையும் பத்து நாள் முன்னதாகத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பவர்பாயிண்ட் வேண்டாம். மஞ்சள் பென்சிலும் சிவப்புப் பேனாவும் நாங்கள் கொண்டுவருகிறோம். "ஏற்கவில்லை" என்று எழுத நினைப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.